மாதச் சந்தாவைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாமா? தாராளமாகக் கேட்கலாம்!

"உங்கள் கணக்கிலிருந்து நாளை ₹299 பிடித்தம் செய்யப்படும்" என்று ஒரு குறுஞ்செய்தி வருகிறது. ஓ.டி.பி. வந்தால் உடனே பார்க்கிறோம். சம்பளம் ஏறியதாக வந்தால் இரண்டு தடவை பார்க்கிறோம். இதை மட்டும் விளம்பரத்தோடு விளம்பரமாகத் தள்ளிவிட்டுப் போய்விடுகிறோம். மறுநாள் பணம் போகிறது. அடுத்த மாதமும் போகிறது.

அந்தக் குறுஞ்செய்தியை நிறுவனம் பெரிய மனது பண்ணி அனுப்பவில்லை. அனுப்பியே ஆக வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி விதி வகுத்திருக்கிறது. பணம் போவதற்கு முன்னால் உங்களுக்கு ஒரு நாள் அவகாசம் தரவே அந்த விதி. "இந்தச் சேவை எனக்கு இன்னும் வேண்டுமா? இந்த விலைக்கு வேண்டுமா?" என்று யோசிக்க அந்த ஒரு நாள் உங்களுடையது. சந்தா விஷயத்தில் பேரம் பேசுவது அங்கிருந்துதான் தொடங்குகிறது. எப்போது வேண்டுமானாலும் வெளியே வர முடியும் என்ற நிலையில் இருப்பவரிடம்தான் எந்த நிறுவனமும் விலையைப் பற்றிப் பேசும்.

முதலில் ஒரு கணக்கு

திருச்சியில் நான்கு பேர் உள்ள ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். விலைகள் எல்லாம் உதாரணத்துக்குத்தான். பிராட்பேண்ட் வரியோடு ₹707. கேபிள் ₹260. இரண்டு ஓ.டி.டி. சந்தா, ₹149-ம் ₹299-ம். பாட்டுக் கேட்கும் செயலிக்கு ₹119. போட்டோக்கள் நிரம்பி வழிந்ததால் வாங்கிய கூடுதல் சேமிப்பிடத்துக்கு ₹130. இதுவரைக்கும் மாதம் ₹1,664. ஆண்டுக்கு ₹19,968.

கைபேசி இன்னும் சேரவில்லை. மூன்று பேருக்குத் தலா ₹299 ரீசார்ஜ் என்றால் ஒரு தடவைக்கு ₹897. 'மாதம்தானே' என்று 12-ஆல் பெருக்கினால் கணக்கு தப்பும். அந்தப் பேக்கின் காலம் 28 நாள் என்றால் ஆண்டுக்கு 13 தடவை ரீசார்ஜ் செய்கிறோம். ₹11,661. மொத்தம் ₹31,629.

ஒரே மாதத்தில் முப்பதாயிரத்தைக் கேட்டால் வீடே கூடி உட்கார்ந்து பேசும். 119, 149, 299 என்று துண்டு துண்டாகப் போவதால் யாரும் பேசுவதில்லை. இதற்காக நோட்டுப் போட்டு எழுத வேண்டும் என்பதில்லை. கடந்த மூன்று மாத வங்கிக் கணக்கு அறிக்கையைத் திறந்து, ஒரே பெயரில் திரும்பத் திரும்ப வரும் தொகைகளை மட்டும் பாருங்க. அரை மணி நேர வேலை. 'இது என்ன, யார் போட்டது?' என்று கேட்கும்படி ஏதாவது ஒன்று பெரும்பாலும் சிக்கும். அதற்குப் பேரமே வேண்டாம், ரத்து செய்தால் போதும்.

விதி உங்களுக்குத் தரும் ஒரு நாள்

கார்டு, வாலட் வழியாகத் தானாகப் பிடிக்கப்படும் சந்தாக்களுக்கு ரிசர்வ் வங்கி 2019 ஆகஸ்டில் விதிமுறை வெளியிட்டது, பிறகு அதை யு.பி.ஐ.-க்கும் விரிவுபடுத்தியது. 2021 அக்டோபர் 1 முதல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அந்தச் சமயத்தில் பலருடைய சந்தாக்கள் திடீரென்று நின்றுபோனது சிலருக்கு நினைவிருக்கலாம். புதிய விதிக்கு மாறாத பழைய ஏற்பாடுகள் செல்லாமல் போனதுதான் காரணம்.

பணம் பிடிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் உங்களுக்குத் தகவல் வர வேண்டும். யாருக்குப் போகிறது, எவ்வளவு, எப்போது, எதற்காக என்ற விவரம் அதில் இருக்க வேண்டும். அந்த ஒரு தவணையை மட்டும் வேண்டாம் என்று சொல்லலாம், அல்லது மொத்த ஏற்பாட்டையும் ரத்து செய்துவிடலாம். பிடித்த பிறகும் தகவல் வர வேண்டும். ஒரு தவணை ₹15,000-க்கு மேல் போனால் ஒவ்வொரு தடவையும் ஓ.டி.பி. போன்ற கூடுதல் ஒப்புதல் வேண்டும். காப்பீட்டுப் பிரீமியம், மியூச்சுவல் ஃபண்ட், கிரெடிட் கார்டு பில் ஆகிய மூன்றுக்கும் இந்த வரம்பு ₹1 லட்சம். இந்த வசதிக்காக வாடிக்கையாளரிடம் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது.

யு.பி.ஐ. செயலிக்குள் 'ஆட்டோபே' என்ற பகுதியில் நீங்கள் கொடுத்த ஒப்புதல்கள் எல்லாம் வரிசையாக இருக்கும். அதில் உச்சத் தொகை என்று ஒன்று இருக்கும், அதைக் கவனியுங்க. மாதம் ₹149 தான் கட்டுகிறீர்கள், ஆனால் ஒப்புதலில் உச்சத் தொகை அதைவிடப் பல மடங்கு போடப்பட்டிருக்கலாம். நாளை விலை ஏறினால் உங்களைப் புதிதாகக் கேட்காமலே அந்த வரம்பு வரைக்கும் பிடிக்க அது வழிவிடும்.

ஒரு எச்சரிக்கை. ஆட்டோபேயை நிறுத்துவதும் சேவையை நிறுத்துவதும் வேறு வேறு. மாதக் கடைசியில் பில் வருகிற பிராட்பேண்ட், போஸ்ட்பெய்டு போன்றவற்றில் ஆட்டோபேயை மட்டும் நிறுத்தினால் பில் பாட்டுக்கு ஏறிக்கொண்டே இருக்கும். நிறுவனத்திடமும் தனியாகச் சொல்லி ரத்து செய்ய வேண்டும். செயலியைக் கைபேசியிலிருந்து நீக்கினாலும் சந்தா நிற்காது. ஆண்ட்ராய்டு என்றால் பிளே ஸ்டோரிலும், ஐபோன் என்றால் செட்டிங்ஸிலும் 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' பகுதிக்குப் போய் ரத்து செய்ய வேண்டும்.

எங்கே பேசலாம்?

மின் கட்டணத்தில் பேரம் பேச முடியாது. குடிநீர்க் கட்டணமும் அப்படித்தான். சொத்து வரியிலும் பேரம் கிடையாது. ஆனால் அரையாண்டின் முதல் 30 நாட்களுக்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு. வருடா வருடம் அதைத் தவறவிடுகிறவர்கள் நிறையப் பேர், அதனால் இங்கேயே சொல்லி வைக்கிறோம்.

தனியார் சந்தா வேறு கதை. அங்கே விலை என்பது சந்தை நிலவரம்தான். 2021 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவில் தன் மொபைல் திட்டத்தை ₹199-லிருந்து ₹149 ஆகக் குறைத்தது. அடுத்த படியில் இருந்த ₹499 திட்டத்தை ₹199 ஆக்கியது. அதே மாதம் அமேசான் பிரைமின் ஆண்டுச் சந்தா ₹999-லிருந்து ₹1,499 ஆக ஏறியது. ஒரே மாதம், ஒரே நாடு. ஒன்று இறங்கியது, ஒன்று ஏறியது. இரண்டும் 'இந்த விலைக்கு எத்தனை பேர் இருப்பார்கள், எத்தனை பேர் போவார்கள்' என்ற கணக்கில் நடந்தவை. அந்தக் கணக்கில் நீங்களும் ஒரு ஆள்.

ஆள் வைத்துப் பேசுகிற இடங்களில் நேராகப் பேசலாம். பிராட்பேண்ட், டிஷ், உடற்பயிற்சிக் கூடம், பத்திரிகையின் ஆண்டுச் சந்தா எல்லாம் அந்த வகை. ஓ.டி.டி., செயலிகளில் பேச ஆள் இல்லை. அங்கே ரத்து பொத்தான்தான் உங்கள் குரல்.

பிராட்பேண்ட்: போன் செய்வதற்கு முன்

நான்கில் பிராட்பேண்டுக்குத்தான் அதிக நேரம் செலவழிக்கலாம். தொகை பெரிது, போட்டியும் அதிகம். பல தெருக்களில் இரண்டு மூன்று நிறுவனங்களின் கம்பி போகிறது. பெரிய நிறுவனங்கள், பி.எஸ்.என்.எல்., உள்ளூர் நிறுவனம் என்று.

விளம்பரத்தில் ₹599 என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் வரி சேர்க்காத விலை. 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் ₹706.82. ஒப்பிடும்போது எல்லாவற்றையும் வரியோடு எழுதிக்கொள்ளுங்க. இல்லையென்றால் போனில் அவர் வரியில்லாத விலை சொல்வார், நீங்கள் வரியுள்ள விலையை நினைத்துக்கொண்டிருப்பீர்கள், பேச்சு ஒட்டாது.

விலையைக் கேட்பதற்கு முன் வேகத்தைக் கேளுங்க. உங்கள் வீட்டுக்கு எவ்வளவு தேவை? முழு எச்.டி. தரத்தில் ஒரு படம் ஓட சுமார் 5 எம்.பி.பி.எஸ். போதும். 4கே தரத்துக்குச் சுமார் 15. டிவியில் ஒரு படம், இரண்டு கைபேசியில் வீடியோ, ஒருவருக்கு ஆன்லைன் வகுப்பு என்று ஒரே நேரத்தில் ஓடினாலும் 40, 50 எம்.பி.பி.எஸ். தாராளம். 200 எம்.பி.பி.எஸ். பிளானில் இருந்துகொண்டு '50 ரூபாய் குறையுங்க' என்று அரை மணி நேரம் கெஞ்சுவதைவிட, ஒரு படி கீழே இறங்கிக்கொள்வது பல வீடுகளுக்கு லாபம். வைஃபை மெதுவாக இருப்பதற்குப் பாதி நேரம் ரூட்டரை டிவிக்குப் பின்னால் மூலையில் ஒளித்து வைத்திருப்பதுதான் காரணம். அதை நடுக்கூடத்துக்கு நகர்த்த யாருக்கும் பணம் தர வேண்டாம்!

தேவை தெரிந்துவிட்டது, பக்கத்து நிறுவனத்தின் விலையும் தெரிந்துவிட்டது. பில் தேதிக்குப் பத்து நாள் இருக்கும்போது கஸ்டமர் கேருக்குப் போன் செய்யுங்க. எண்ணைப் பில்லிலிருந்தோ நிறுவனத்தின் செயலியிலிருந்தோ எடுங்க. கூகுளில் தேடி முதலில் வரும் எண்ணுக்குப் போன் செய்ய வேண்டாம். போலி கஸ்டமர் கேர் எண்கள் அங்கே நிறைய உலவுகின்றன. 'இந்தச் செயலியை இன்ஸ்டால் செய்யுங்க, ஓ.டி.பி. சொல்லுங்க' என்று யாராவது கேட்டால் போனை வைத்துவிடுங்க. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்க.

பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகலாம்:

"வணக்கம் மேடம். மூணு வருஷமா உங்க கனெக்‌ஷன்தான் வச்சிருக்கேன். பில் எதுவும் பாக்கி இல்ல. வரியோட 707 ரூபா கட்டுறேன். எங்க தெருவுல இன்னொரு கம்பெனி இதே ஸ்பீடை வரியோட 589-க்குத் தர்றாங்க. எனக்கு மாறணும்னு ஆசை இல்ல. ஆனா மாசம் 118 ரூபா வித்தியாசம். நீங்க என்ன செஞ்சு தர முடியும்?"

"சார், உங்க பிளானுக்கு இப்போதைக்கு ஆஃபர் எதுவும் காட்டலையே."

"பரவாயில்ல மேடம். அப்போ கனெக்‌ஷனை முடிச்சுக்க என்ன செய்யணும்? அந்தப் பிரிவுக்கு லைன் மாத்திக் குடுங்க. ரூட்டர் டெபாசிட் எப்போ திரும்பி வரும்னும் சொல்லிடுங்க."

இங்கே பேசுவதை நிறுத்திக்கொள்ளுங்க. அடுத்த வார்த்தை அவர்களிடமிருந்து வரட்டும். முதலில் போனை எடுப்பவருக்குத் தள்ளுபடி கொடுக்கும் அதிகாரம் பெரும்பாலும் இருக்காது. அவர் திரையில் காட்டுவதைத்தான் அவர் சொல்ல முடியும். அவரிடம் கோபப்பட்டுப் பயனில்லை. போகிற வாடிக்கையாளரைத் தக்கவைக்க என்றே பல நிறுவனங்களில் தனிப் பிரிவு இருக்கிறது. சலுகை இருந்தால் அங்கேதான் இருக்கும். சில சமயம் அன்றே ஒன்றும் நடக்காது. இரண்டு நாள் கழித்து அவர்களே கூப்பிடுவார்கள்.

பக்கத்து நிறுவனத்தின் விலையை உண்மையாகச் சொல்லுங்க. இல்லாத விலையை அடித்துவிட்டால் "சரி சார், அங்கேயே போயிடுங்க" என்ற பதிலுக்கு நீங்கள் தயாராக இருக்க வேண்டும். முடித்துக்கொள்கிறேன் என்று சொல்வதும் அப்படித்தான். நிஜமாகவே மாறத் தயார் என்றால் மட்டும் சொல்லுங்க.

அவர்கள் நேராக விலையைக் குறைப்பதைவிட வேறு ஏதாவது தருவதுதான் வழக்கம். "ஆறு மாசம் மொத்தமா கட்டினா ஒரு மாசம் ஃப்ரீ சார்" என்பார்கள். உடனே 'ஆகா' என்று சொல்ல வேண்டாம், பேனாவை எடுங்க. 707-ஐ ஆறால் பெருக்கினால் ₹4,242. ஏழு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் ₹606. பக்கத்து நிறுவனத்தைவிட 17 ரூபாய்தான் அதிகம், மாறுகிற அலைச்சல் மிச்சம். சொந்த வீட்டில் இருப்பவர்களுக்கு இது நல்ல பேரம். வாடகை வீட்டில் இருந்து, இன்னும் மூன்று மாதத்தில் மாறலாம் என்ற நிலையில் இருப்பவர்கள் யோசிக்க வேண்டும். போகிற இடத்தில் அந்த நிறுவனத்தின் கம்பி இல்லையென்றால் மீதிப் பணம் திரும்புமா என்று முதலிலேயே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஒப்புக்கொள்வதற்கு முன் இவ்வளவு கேளுங்க: சொன்ன விலை வரியோடா? எத்தனை மாதத்துக்கு? அதற்குப் பிறகு என்ன விலை? இடையில் வெளியே வந்தால் ஏதாவது பிடிப்பார்களா? பதில்களைக் குறுஞ்செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ அனுப்பச் சொல்லுங்க. பேச்சின் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்க. பேரத்தில் ஜெயிப்பதைவிட முக்கியம் இது. வாயால் சொன்ன சலுகை அடுத்த பில்லில் காணாமல் போவது சகஜம்.

பேரம் படியாமல் நிஜமாகவே விலகினால் ரூட்டரைத் திருப்பிக் கொடுத்ததற்கு ரசீது வாங்குங்க. ரசீது இல்லாமல் 'பையன் வந்து எடுத்துட்டுப் போனான்' என்று சொல்லி யாரிடமும் நிரூபிக்க முடியாது.

கேபிள் அண்ணனிடம் எப்படி?

கேபிள் விஷயத்தில் எதிரே இருப்பவர் ஊர் பேர் தெரியாத கால் சென்டர் இல்லை. மழையில் கம்பி அறுந்தால் ஏணியோடு வருபவர், மாதக் கடைசியில் வாசலில் நிற்பவர். நீங்கள் கொடுக்கும் பணத்தில் சேனல் நிறுவனத்துக்கும் மேலே உள்ள கேபிள் நிறுவனத்துக்கும் போனது போகத்தான் அவருக்கு. அதனால் அவர் கையிலிருந்து பத்து ரூபாயைப் பிடுங்குவதைவிட, பில்லுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் முறை என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

பில்லில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று, இணைப்புக்கான கட்டணம். இன்னொன்று, கட்டணச் சேனல்களின் விலை. இரண்டுக்கும் மேல் 18 சதவீத வரி. டிராய் அமைப்பின் 2019-ஆம் ஆண்டு நடைமுறைப்படி, வேண்டிய சேனலைத் தனித்தனியாகவும் எடுக்கலாம், தொகுப்பாகவும் எடுக்கலாம். 2023 பிப்ரவரி முதல், தனி விலை ₹19 அல்லது அதற்குக் குறைவாக உள்ள சேனலைத்தான் தொகுப்பில் சேர்க்க முடியும். இணைப்புக் கட்டணத்துக்கு முன்பு 200 சேனல் வரை ₹130, அதற்கு மேல் ₹160 என்று உச்சவரம்பு இருந்தது. 2024 ஜூலையில் டிராய் அந்த வரம்பை எடுத்துவிட்டது. ஆகவே இப்போது அந்தக் கட்டணம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறலாம். டிஷ் வைத்திருப்பவர்கள் வேறு நிறுவனங்களின் கட்டணத்தைப் பார்த்துவிட்டுத் தங்கள் நிறுவனத்திடம் கேட்க இது ஒரு நல்ல இடம்.

கேபிள்காரரிடம் கேட்பது இப்படி இருக்கட்டும்: "அண்ணே, அம்மாவுக்கு சீரியல், அப்பாவுக்கு நியூஸ், பையனுக்கு கார்ட்டூன். இதுபோக வேற எதுவும் நாங்க பாக்குறதில்ல. இதுக்கு எது கம்மியான பேக்குன்னு பாத்து மாத்திக் குடுங்களேன்." பெரும்பாலும் செய்து கொடுப்பார். இரண்டு மூன்று சேனலுக்காகப் பெரிய பேக் போட்டிருந்தால், தனியாக எடுத்தால் எவ்வளவு என்று கூட்டிப் பாருங்க. ஆனால் தனித்தனி விலை எப்போதும் மலிவு என்று நினைத்துவிட வேண்டாம். ஐந்தாறு சேனலைத் தாண்டினால் தொகுப்பே மலிவாக வருவதும் உண்டு. கோடை விடுமுறைக்கு மாதக்கணக்கில் ஊருக்குப் போகிறவர்கள் இணைப்பைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கக் கேட்கலாம், விதியில் அதற்கு இடம் இருக்கிறது. முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். டிவியே அதிகம் பார்க்காத வீட்டுக்கு தூர்தர்ஷனின் டி.டி. ஃப்ரீ டிஷ் இருக்கிறது. டிஷ்ஷும் பெட்டியும் வாங்கும் செலவு ஒரு தடவைதான், மாதக் கட்டணம் கிடையாது.

ரத்து பொத்தான் எங்கே?

ஓ.டி.டி. தளங்களிலும் செயலிகளிலும் 'ரத்து செய்' என்பதை அழுத்திப் பாருங்க. சில நிறுவனங்கள் உடனே ஒரு திரை காட்டும்: 'போகாதீர்கள், மூன்று மாதம் பாதி விலை' என்று. வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம். எதுவும் காட்டவில்லை என்றாலும் நஷ்டமில்லை. ரத்து செய்தாலும் கட்டிய காலம் முடியும்வரை பெரும்பாலான தளங்களில் பார்க்கலாம். அதனால் ஒரே ஒரு தொடருக்காக ஒரு மாதம் சேருகிறவர்கள், சேர்ந்த கையோடு ரத்து செய்து வைத்துவிடலாம். நான்கு தளத்துக்கும் எப்போதும் கட்டுவதைவிட, இந்த மாதம் ஒன்று, அடுத்த மாதம் இன்னொன்று என்று மாற்றி மாற்றிப் பார்ப்பது எந்தத் தள்ளுபடியையும்விட அதிகம் மிச்சப்படுத்தும்.

சலுகை காட்டுவது தவறில்லை. வெளியே விடாமல் சுற்ற விடுவது தவறு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று ஏமாற்று வடிவமைப்புகளைத் தடுக்கும் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. 13 வகை ஏமாற்றுகள் அதில் பட்டியலிடப்பட்டுள்ளன. அவற்றில் ஒன்று 'சந்தாப் பொறி'. கட்டணச் சந்தாவை ரத்து செய்ய முடியாதபடி செய்வது, முடிந்தாலும் சுற்றி வளைத்து நீட்டுவது, ரத்து செய்யும் இடத்தை மறைத்து வைப்பது, குழப்பமாக எழுதி வைப்பது எல்லாம் இதில் அடங்கும். இலவசச் சந்தாவுக்கு 'முதலில் கார்டு எண்ணைக் கொடு, தானாகப் பிடிக்க ஒப்புதல் கொடு' என்று கட்டாயப்படுத்துவதும் இதே பட்டியலில் வருகிறது. 'ஏழு நாள் இலவசம், எட்டாம் நாள் ₹999' என்ற வகையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இந்த வரி முக்கியமானது.

கைபேசிக்கு இரண்டே விஷயம்

கைபேசி ரீசார்ஜில் பேரத்துக்கு அதிக இடமில்லை. ஆனால் பலருக்குத் தெரியாத இரண்டு வசதிகள் உண்டு. 28 நாள் பேக்குகளோடு, 30 நாள் பேக் ஒன்றும், ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் புதுப்பிக்கும் பேக் ஒன்றும் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்று 2022-ல் டிராய் உத்தரவிட்டது. இரண்டாவது, டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள பேக் தனியாகத் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் விதி வந்தது. பட்டன் போன் வைத்திருக்கும் தாத்தாவுக்கு யாரோ தினமும் 1.5 ஜி.பி. டேட்டாவோடு ரீசார்ஜ் செய்துகொண்டிருக்கிறார்கள் என்றால் இந்த வாரமே மாற்றிவிடலாம். இந்தப் பேக்குகள் கடையில் முதலில் கண்ணில் படாது. பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

வீட்டுப் பெரியவர்களின் கணக்கு

ஓய்வூதியம் வரும் கணக்கிலிருந்து மாதம் ₹199, ₹349 என்று போய்க்கொண்டிருக்கும். பேரப்பிள்ளை விளையாட இறக்கிய விளையாட்டாக இருக்கலாம், 'இலவசம்' என்று நம்பி அழுத்திய ஜோதிடச் செயலியாக இருக்கலாம். குறுஞ்செய்தி ஆங்கிலத்தில் வந்திருக்கும். படித்துப் பார்த்தாலும், பிள்ளைகளிடம் சொன்னால் 'எதையாவது அமுக்கிட்டீங்களா' என்று திட்டுவார்களோ என்ற தயக்கத்தில் சும்மா இருந்துவிடுவார்கள். மருந்துச் செலவுக்கு யோசிக்கிற ஒரு கணக்கில் மாதம் ₹349 என்பது சின்னத் தொகை இல்லை.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, யு.பி.ஐ. செயலியின் ஆட்டோபே பகுதியையும் பிளே ஸ்டோரின் சந்தாப் பகுதியையும் ஒன்றாகப் பாருங்க. கைபேசியை வாங்கி நீங்களே எல்லாவற்றையும் அழித்துவிடாதீங்க. 'இது வேணுமாப்பா?' என்று ஒவ்வொன்றாகக் கேளுங்க. அந்தப் பழைய பாட்டுச் செயலி அவருக்கு நிஜமாகவே வேண்டியிருக்கலாம்!

சொன்னபடி நடக்காவிட்டால்

பிராட்பேண்ட், கைபேசி என்றால் முதலில் நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிவு செய்து புகார் எண் வாங்க வேண்டும். தீர்வு வரவில்லை, அல்லது வந்த தீர்வு சரியில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாட்களுக்குள் முறையிடலாம். இதற்குக் கட்டணம் இல்லை. டிராய்க்கு நேரடியாக எழுதுகிறவர்கள் உண்டு. ஆனால் தனிநபர் புகார்களை டிராய் விசாரிப்பதில்லை. கேபிள், டிஷ் என்றால் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை, அதற்கு அடுத்து அதன் நோடல் அதிகாரி.

ரத்து செய்த பிறகும் பணம் பிடிக்கப்பட்டிருந்தால் வங்கியிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்க. 30 நாட்களில் பதில் இல்லையென்றால், அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வழிகாட்டுதலுக்கு 14448 என்ற எண்.

எந்த வகைச் சந்தாவாக இருந்தாலும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம். அழைக்கும்போது நிறுவனத்தின் பெயர், உங்கள் வாடிக்கையாளர் எண், பணம் போன தேதி, தொகை, புகார் எண் ஆகியவை கையில் இருந்தால் ஐந்து நிமிட வேலை. இல்லையென்றால் 'தேடிட்டுக் கூப்பிடுறேன்' என்று வைக்க வேண்டியிருக்கும்.

அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை ₹5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமே இல்லை. சந்தா வழக்குகள் எல்லாம் அந்த வரம்புக்குள்தான் வரும். வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 'போன் கம்பெனி மேல அங்கே கேஸ் போட முடியாது' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தொலைத்தொடர்புச் சேவைக் குறைபாட்டுக்கும் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவுபடுத்தியிருக்கிறது.

பேரம் பேசி முடித்தவர்கள் அடுத்து வரும் முதல் பில்லைத் திறந்து பார்க்க மறக்க வேண்டாம். பழைய விலையே வந்திருந்தால், பணம் கட்டும் முன்பே, அன்று குறித்து வைத்த பதிவு எண்ணைச் சொல்லிப் போன் செய்யுங்க.